பந்து வருவதற்கு முன்பே தொடங்கும் வேலை

கேள்வி: என் மகன் பத்தாம் வகுப்பு படிக்கிறான். பள்ளி கால்பந்து அணியில் ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் ஆடி கோல் போட்டுக்கொண்டிருந்தவன். இந்த வருடம் வந்த புதிய கோச் அவனைப் பின்னால் இழுத்து, டிஃபென்டர்களுக்கு முன்னால் நிறுத்திவிட்டார். "என்னை ஓரங்கட்டுகிறார்" என்று சொல்லி வீட்டில் சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை. ஆள் ஒல்லி, வேகமும் சுமார்தான். அந்த இடத்துக்கு முரட்டுத்தனமாக மோதுகிற பையன்கள்தானே வேண்டும்? அங்கே நன்றாக ஆட என்ன தேவை, வீட்டில் என்ன பயிற்சி செய்யலாம், மாவட்டத் தேர்வில் அவன் யார் கண்ணிலாவது படுவானா? எனக்கு ஆட்டம் அவ்வளவாகத் தெரியாது, அதனால் விவரமாகச் சொல்லுங்கள்.
— ஒரு தாய், நாகர்கோவில்

அன்புள்ள சகோதரி,

கோல் போடுகிற பையனை ஒரு கோச் சும்மா பின்னால் இழுக்க மாட்டார். அணியில் யாரிடம் பந்து போனால் பதற்றம் இல்லாமல் இருக்கிறது என்று பார்த்துத்தான் இந்த இடத்துக்கு ஆள் எடுப்போம். உங்கள் மகனிடம் அவர் அதைக் கண்டிருக்க வேண்டும். நான் சொன்னால் அவன் நம்புவானோ என்னவோ, இத்தாலிய வீரர் ஆந்த்ரேயா பிர்லோவின் கதையைச் சொல்லுங்கள்.

பிர்லோவும் இளவயதில் ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் ஆடியவர்தான். இன்டர் மிலான் அவரை வாங்கியது, ஆனால் அங்கே நிலையான இடம் கிடைக்கவில்லை. 2001 தொடக்கத்தில், அவர் வளர்ந்த பிரெஷா அணிக்கே கடனாக அனுப்பினார்கள். அங்கே போனால் அதே இடத்தில் இத்தாலியின் பெரிய நட்சத்திரம் ராபர்ட்டோ பாஜியோ நிற்கிறார். பாஜியோவை நகர்த்தி இன்னொருவரை அங்கே நிறுத்த எந்தக் கோச்சுக்கும் மனம் வராது. பிரெஷாவின் கோச் கார்லோ மட்ஸோனே, 21 வயது பிர்லோவைப் பின்னால் கொண்டுபோய் டிஃபென்ஸுக்கு முன்னால் நிறுத்தினார். அந்த ஏப்ரல் 1ஆம் தேதி டூரினில் யுவென்டஸுடன் மேட்ச். பிரெஷா ஒரு கோல் பின்தங்கியிருந்தது. ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் நடுக்களத்திலிருந்து பிர்லோ தூக்கி அனுப்பிய பந்து யுவென்டஸ் டிஃபென்ஸ் முழுவதையும் தாண்டிப் போய், ஓடிக்கொண்டிருந்த பாஜியோவின் காலடியில் இறங்கியது. பாஜியோ ஒரே தொடுதலில் கீப்பரைத் தாண்டி கோலுக்குள் தட்டிவிட்டார். 1–1.

முன்னால் நின்றிருந்தால் பிர்லோ அந்தப் பந்தைப் போட்டிருக்கவே முடியாது. அங்கே எதிரணி ஆள் முதுகோடு ஒட்டி நிற்பார், திரும்பவே விட மாட்டார். பின்னால் வந்ததும் கிரவுண்ட் முழுக்கக் கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டது. அந்தக் கோடையில் அவர் ஏ.சி. மிலானுக்குப் போனார். அங்கே கார்லோ அஞ்செலோட்டி அவரை அதே இடத்தில் நிலைக்கவைத்தார். 2003லும் 2007லும் ஐரோப்பியக் கிளப்களின் பெரிய கோப்பையான சாம்பியன்ஸ் லீக், 2006இல் உலகக் கோப்பை. அந்த உலகக் கோப்பை இறுதிப் போட்டியின் ஆட்ட நாயகனும் அவர்தான்.

சரி, அந்த இடத்தில் நன்றாக ஆட என்ன வேண்டும் என்று கேட்டீர்கள். என்னைக் கேட்டால், பந்து காலுக்கு வருவதற்கு முன்னால் இருக்கிற இரண்டு மூன்று விநாடியில்தான் பாதிக்கு மேல் முடிவாகிவிடுகிறது. நடுக்களத்தில் நிற்கிறவனுக்கு நாலு பக்கமும் ஆள். விங்கில், அதாவது கிரவுண்டின் ஓரத்தில், ஆடுகிறவனுக்கு ஒரு பக்கம் கோடு இருக்கிறது, அந்தப் பக்கம் கவலை இல்லை. சென்டர் பேக்குக்கு, அதாவது கோலுக்கு முன்னால் நடுவில் நிற்கிற டிஃபென்டருக்கு, ஆட்டம் முழுக்க எதிரே தெரியும். நடுவில் நிற்கிறவனுக்கு முதுகுப் பக்கம் எப்போதும் ஆபத்து. அதனால் அவன் தலை சும்மா இருக்கக் கூடாது. ஸ்கூட்டர் ஓட்டுகிறவர் திரும்புவதற்கு முன்பே கண்ணாடியைப் பார்த்துவிடுகிறார் அல்லவா, அப்படித்தான். பந்து இன்னொருவர் காலில் இருக்கும்போதே வலது தோளுக்கு மேல் ஒரு பார்வை, இடது தோளுக்கு மேல் ஒரு பார்வை. நார்வே ஆய்வாளர் கேயர் யோர்டெட் இங்கிலாந்து பிரீமியர் லீக் வீரர்களை ஒவ்வொருவராகக் கேமராவில் பின்தொடர்ந்த படங்களை எடுத்துப் பார்த்தார். பந்து வருவதற்கு முன் அதிகமாகச் சுற்றிப் பார்த்தவர்களின் பாஸ்தான் அதிகமாகச் சரியான ஆளிடம் போய்ச் சேர்ந்திருந்தது. இது பிறவிக் குணம் இல்லை, பழக்கம். உங்கள் மகன் வயதில் நன்றாகவே பழகலாம்.

பார்த்துவிட்டால் போதாது, நிற்கிற கோணமும் சரியாக இருக்க வேண்டும். சென்டர் பேக் இவனுக்கு பாஸ் போடுகிறார் என்று வையுங்கள். பெரும்பாலான பையன்கள் பந்தைப் பார்த்து நேராக, நெஞ்சைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். அப்படி நின்றால் வந்த பந்தை வந்த வழியே திருப்பிக் கொடுப்பதைத் தவிர வேறு வழியே இல்லை. நல்ல ஆட்டக்காரன் பக்கவாட்டில் திரும்பி நிற்பான். ஒரு தோள் தன் கோலைப் பார்த்து, இன்னொரு தோள் எதிரணி கோலைப் பார்த்து. பந்தை முன்னால் இருக்கிற காலால் நிறுத்த மாட்டான். அது உடம்பைக் கடந்து பின் காலுக்குப் போகும்வரை விடுவான், பின் காலின் உட்புறத்தால் தொடுவான். அந்த ஒரே தொடுதலில் பந்தும் நிற்கும், அவனும் திரும்பியிருப்பான், எதிரே முன்கள ஆட்கள் தெரிவார்கள். முதுகுக்குப் பின்னால் ஆள் நெருங்கி வருகிறான் என்று ஏற்கெனவே பார்த்திருந்தால் மட்டும் முன் காலால் ஒரே தட்டில் திருப்பிக் கொடுத்துவிடுவான். இரண்டில் எது என்பதைப் பந்து வந்த பிறகு யோசிக்க நேரம் கிடையாது.

அடுத்தது பாஸ். நீளமான பாஸ்தான் எல்லோர் கண்ணிலும் படும், கைதட்டலும் அதற்குத்தான். ஆனால் இந்த இடத்தில் ஆடுகிறவனின் தரம் ஐந்து, பத்து மீட்டர் பாஸில் தெரியும். வலது பேக்குக்கு (வலப்பக்க ஓரத்து டிஃபென்டருக்கு) கொடுக்கும்போது எந்தக் காலுக்குக் கொடுக்கிறான் என்று பாருங்கள். கோட்டுப் பக்கக் காலுக்குக் கொடுத்தால் அவர் அப்படியே முன்னால் ஓடலாம். உள் காலுக்குக் கொடுத்தால் நிறுத்தி, திருத்தி, அதற்குள் எதிராளி வந்துவிடுவான். இரண்டும் கணக்கில் 'சரியான பாஸ்' என்றுதான் வரும். ஆனால் ஒன்று ஆட்டத்தை முன்னால் தள்ளுகிறது, இன்னொன்று கூட இருக்கிறவனைச் சிக்கலில் விடுகிறது. ஜெர்மனியின் டோனி க்ரூஸின் பழைய மேட்ச்களை இணையத்தில் பார்க்கச் சொல்லுங்கள். அவர் பாஸ் வாங்கியவர்கள் பந்தைத் திருத்த நேரம் செலவழித்தது மிகக் குறைவு. இவரும் முதலில் முன்னால் ஆடிப் பிறகு பின்னால் வந்தவர்தான்.

அப்புறம் வேகம். பந்தின் வேகத்தைச் சொல்கிறேன், கால் வேகத்தை இல்லை. அணி கோல் அடித்து முன்னிலையில் இருக்கிறது, எல்லோரும் மூச்சு வாங்குகிறார்கள், அப்போது நாலு சின்ன பாஸ் போட்டு ஆட்டத்தை ஆற வைப்பது இவன் வேலை. எதிரணி ஒரு பக்கமாகக் குவிந்துவிட்டது என்றால், ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் மறுபக்கம் மாற்றிவிடுவதும் இவன் வேலை. பின்னுக்கும் பக்கத்துக்குமே பாஸ் போட்டுக்கொண்டிருப்பவனை நான் நல்ல மிட்ஃபீல்டர் (நடுக்கள ஆட்டக்காரன்) என்று சொல்ல மாட்டேன். எதிரணியின் இரண்டு ஆட்களுக்கு நடுவில் சந்து தெரிந்தால், அதன் வழியே முன்னால் போட வேண்டும். அதற்குத் துணிச்சல் வேண்டும்.

இனி நீங்கள் பயப்படுகிற மோதல் விஷயத்துக்கு வருகிறேன். ஷாபி அலோன்சோ 2011இல் ஒரு பேட்டியில், டேக்கிளை, அதாவது எதிராளி காலிலிருந்து பந்தைப் பறிக்கப் பாய்வதை, ஒரு திறமையாகத் தன்னால் பார்க்க முடியவில்லை, அது வேறு வழியில்லாதபோது கையில் எடுப்பது என்ற பொருளில் சொன்னார். லிவர்பூல், ரியல் மாட்ரிட், பயர்ன் மூனிக் என்று மூன்று பெரிய அணிகளில் இதே இடத்தில் ஆடியவர் சொன்னது. அதற்காக டேக்கிளே தெரிய வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, வேண்டிய நேரத்தில் போட்டாக வேண்டும். ஆனால் சரியான இடத்தில் நிற்கிறவனுக்கு அது அடிக்கடி தேவைப்படாது.

செர்ஜியோ புஸ்கெட்ஸைப் பாருங்கள். 2007–08இல் பார்சிலோனாவின் இரண்டாம் அணியில், ஸ்பெயினின் நாலாம் நிலை லீக்கில் ஆடிக்கொண்டிருந்தார். அந்த அணியின் கோச்சாக இருந்த பெப் கார்டியோலா அடுத்த வருடம் முதல் அணிக்கு வந்தபோது இவரையும் மேலே கொண்டுவந்தார். ஆளும் உங்கள் மகன் மாதிரி ஒல்லிதான், ஓட்டமும் அதே சுமார்தான். 2010 உலகக் கோப்பையின் முதல் மேட்சில் ஸ்பெயின் ஸ்விட்சர்லாந்திடம் 1–0 தோற்றது. நடுக்களத்தில் இவரையும் அலோன்சோவையும் சேர்த்து நிறுத்தியதுதான் தப்பு என்று பலர் பேசினார்கள். கோச் விசென்டே டெல் போஸ்கே மாற்றவில்லை. "நான் இன்னும் ஆட்டக்காரனாக இருந்தால் புஸ்கெட்ஸ் மாதிரி இருக்க ஆசைப்படுவேன்" என்றார். அதற்குப் பிறகு ஸ்பெயின் எல்லா மேட்சையும் ஜெயித்துக் கோப்பையை எடுத்தது. தொடர் முழுக்க அவர்கள் வாங்கிய கோல் இரண்டே இரண்டு.

புஸ்கெட்ஸ் செய்தது என்ன? தன் அணி தாக்கும்போது மற்ற பையன்கள் பந்தைப் பார்ப்பார்கள், இவர் பந்து பறிபோனால் எதிரணி முதலில் யாருக்குக் கொடுக்கும் என்று பார்ப்பார். அந்த ஆள் பக்கத்தில் போய் நின்றுகொள்வார். பந்து பறிபோன உடனே அந்த முதல் பாஸை வெட்டிவிடுவார். ஓடிப் பிடிக்க வேண்டிய தேவையே வராது. பார்சிலோனாவின் வலது பேக் டானி ஆல்வெஸ் மேலே ஏறிப்போனால் இவர் இறங்கி இரண்டு சென்டர் பேக்குகளுக்கு நடுவில் நின்றுகொள்வார், பின்னால் மூன்று பேர் ஆகிவிடுவார்கள். டிவியில் இதெல்லாம் தெரியாது, கேமரா பந்தோடு போய்விடும். கிரவுண்டில் உட்கார்ந்து பார்க்கிற உங்களுக்குத் தெரியும். அடுத்த மேட்சில் பத்து நிமிடம் பந்தை விட்டுவிட்டு உங்கள் மகனை மட்டும் பாருங்கள்.

உடம்பைப் பற்றி: புஸ்கெட்ஸ் 1.89 மீட்டர், பிர்லோ 1.77, இத்தாலியின் மார்கோ வெராட்டி 1.65. உயரத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. 15 வயதில் பையன்கள் இன்னும் வளர்ந்துகொண்டிருப்பார்கள். இன்று மோதலில் கீழே விழுகிறவன் இரண்டு வருடத்தில் நிற்பான். வேகம் சுமார் என்பதும் பெரிய தடை இல்லை. ஆனால் நின்ற இடத்தில் சட்டென்று திரும்பவும் முதல் இரண்டு மூன்று அடி பாய்ந்து வைக்கவும் முடியாவிட்டால் கஷ்டம்தான். அதைப் பயிற்சியில் கொண்டுவரலாம். மூச்சுப் பயிற்சி கட்டாயம். கடைசி இருபது நிமிடத்தில் கால் சோர்ந்தால், முதலில் நின்றுபோவது சுற்றிப் பார்க்கிற பழக்கம்தான்.

ஒல்லிப் பையன்கள் இந்த இடத்தில் நிலைப்பதற்குப் பக்கத்தில் யார் ஆடுகிறார்கள் என்பதும் ஒரு காரணம். மிலானில் பிர்லோவுக்குப் பக்கத்தில் கட்டூசோ இருந்தார். ஓடுவதும் பந்தைப் பறிப்பதும் அவர் பொறுப்பு. அப்படி ஒரு துணை உங்கள் மகனுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால், எல்லா ஓட்டையையும் தனியாக அடைக்கச் சொல்லி 15 வயதுப் பையனைத் தவிக்க விடக் கூடாது. கோச்சிடம் மரியாதையாகக் கேட்கலாம்: "சார், இவனுக்குப் பக்கத்தில் ஓடுகிற பையன் ஒருத்தன் இருந்தால் நன்றாக இருக்குமா?" நல்ல கோச் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

நம் ஊர்ப் பள்ளி மேட்ச்களில் இன்னொரு சிக்கல் உண்டு. செம்மண் கிரவுண்டு, பந்து எகிறும், டிஃபென்டர்கள் பயந்துபோய்த் தூக்கி அடித்துவிடுவார்கள். பந்து உங்கள் மகன் தலைக்கு மேலேயே போய்க்கொண்டிருக்கும். "எனக்குப் பந்தே வரவில்லை" என்பது அவன் மனக்குறை என்றால், காரணம் இதுவாகத்தான் இருக்கும். அப்போது இரண்டு வேலை. ஒன்று, தலையால் முட்டித் திரும்பி விழுகிற பந்து எங்கே விழும் என்று கணித்து அங்கே முதலில் போய் நிற்பது. இரண்டு, சென்டர் பேக்கிடம் பந்து இருக்கும்போது ஒளிந்து நிற்காமல், எதிராளியின் நிழலிலிருந்து இரண்டடி விலகி வந்து, வாய்விட்டுக் கேட்பது. கேட்காத பையனுக்கு யாரும் பந்து தர மாட்டார்கள்.

இதில் உள்ள ஆபத்தையும் மறைக்க விரும்பவில்லை. முன்னால் பந்தைத் தொலைத்தால் பின்னால் எட்டுப் பேர் இருக்கிறார்கள். இங்கே தொலைத்தால் பின்னால் இரண்டு சென்டர் பேக்கும் கீப்பரும்தான். அவன் தப்பில் கோல் விழும் நாள் ஒன்று வரும். அன்று வீட்டுக்கு வந்ததும் அதைப் பற்றிப் பேச வேண்டாம். தப்பு நடந்த அடுத்த நிமிடமே அவன் மறுபடி பந்தைக் கேட்டானா என்று மட்டும் கவனியுங்கள். கேட்டிருந்தால் அதை அவனிடம் சொல்லிப் பாராட்டுங்கள். இன்னொன்று, நன்றாக ஆட ஆரம்பித்ததும் எதிரணி இவன்மேல் ஒரு ஆளை ஒட்டவைப்பார்கள். 2010 சாம்பியன்ஸ் லீக்கில் மான்செஸ்டர் யுனைடெட் கோச் அலெக்ஸ் ஃபெர்குசன், கொரியாவின் பார்க் ஜி-சுங்கை பிர்லோ பின்னாலேயே ஓடவிட்டார். மிலான் சொந்த கிரவுண்டில் 3–2 தோற்றது, மான்செஸ்டரில் 4–0 தோற்றது. பிர்லோவையே கட்டிப்போட முடிந்திருக்கிறது. ஒட்டிக்கொண்டால் உங்கள் மகன் செய்ய வேண்டியது, அந்த ஆளையும் இழுத்துக்கொண்டு ஓரமாக நகர்ந்துவிடுவது. நடுவில் வழி திறக்கும், சென்டர் பேக் பந்தை அதன் வழியே கொண்டுபோகலாம். பந்தையே தொடாமல் அணிக்கு உதவுகிற நேரம் அது.

வீட்டுப் பயிற்சிக்கு நீங்களே போதும். அவன் சுவரைப் பார்த்து நின்று பந்தைத் தட்டட்டும். நீங்கள் அவனுக்குப் பின்னால் நாலைந்து மீட்டர் தள்ளி நில்லுங்கள். பந்து சுவரில் பட்டுத் திரும்புவதற்குள் கையில் சில விரல்களைக் காட்டுங்கள். அவன் தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்து, எத்தனை விரல் என்று சொல்லிவிட்டுத்தான் பந்தைத் தொட வேண்டும். முதலில் எண்ணையும் தப்பாகச் சொல்வான், பந்தையும் விடுவான், கோபம் வரும். சில வாரத்தில் பழகிவிடும். பழகியதும் நீங்கள் இடப்பக்கமோ வலப்பக்கமோ நகர்ந்து நில்லுங்கள், அவன் உங்களுக்கு எதிர்ப்பக்கமாகப் பந்தோடு திரும்ப வேண்டும். இடது காலாலும் செய்யச் சொல்லுங்கள். ஒரே காலில் ஆடுகிறவனை எதிரணி அந்தப் பக்கம் அடைத்துவிட்டால் கதை முடிந்தது. கூட ஆடும் பையன்கள் கிடைத்தால், நாலு பேர் சுற்றி நிற்க ஒருவன் நடுவில் நின்று பந்தைப் பறிக்கிற விளையாட்டு மிக நல்லது. இடத்தைச் சின்னதாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பார்த்துப் பழக இன்று ஆடுகிறவர்களில் ஸ்பெயினின் ரோட்ரியைச் சொல்வேன். 2024இல் ஐரோப்பிய நாடுகளுக்கான யூரோ தொடரின் சிறந்த வீரர், அதே வருடம் உலகின் சிறந்த வீரருக்கான பலோன் தோர் விருது. 2023 சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியின் ஒரே கோலும் அவருடையதுதான். தாக்குதல் முழுக்கக் கோலுக்கு முன்னால் இருக்கிற பெனால்டி பெட்டிக்கு வெளியே காத்திருந்து, பந்து திரும்பி வந்தபோது வந்து சேர்ந்து அடித்த கோல். "இனிமேல் எனக்கு கோலே கிடையாதா" என்று உங்கள் மகன் கேட்டால் அதைக் காட்டுங்கள். 2024 செப்டம்பரில் அவர் முழங்கால் தசைநார் கிழிந்து வெளியேறினார். தொடர்ந்து நாலு முறை லீக் ஜெயித்த அவரது அணி மான்செஸ்டர் சிட்டி அந்த சீசனை மூன்றாம் இடத்தில் முடித்தது. வேறு காயங்களும் இருந்தன, ஆனாலும் அவர் இல்லாத இடம் மேட்சுக்கு மேட்ச் தெரிந்தது. நம் பக்கத்திலும் ஆள் உண்டு. சென்னை வியாசர்பாடியிலிருந்து வந்த தனபால் கணேஷ், 2017–18இல் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பையை வென்ற சென்னையின் எஃப்.சி. அணியின் நடுக்களத்தில் ஆடியவர்.

இப்போதே "இதுதான் உன் இடம்" என்று அவனையும் கட்டிப்போட வேண்டாம். சில மேட்சுகளில் பழைய இடத்திலும் ஆடக் கோச் விட்டால் நல்லது. பின்னால் கற்றுக்கொண்டது முன்னாலும் உதவும்.

மாவட்டத் தேர்வு பற்றிக் கேட்டது நியாயமான கவலை. அரை மணி நேரம், முன்பின் தெரியாத பையன்கள், எல்லோருக்கும் தன்னைக் காட்டிக்கொள்ளும் அவசரம். அந்தக் கூட்டத்தில் இந்த இடத்து ஆட்டக்காரன் கண்ணில் படுவது கஷ்டம்தான். அதனால் சிலதை முன்கூட்டியே செய்யச் சொல்லுங்கள். சீக்கிரம் போய், தன் அணியில் யார் சென்டர் பேக் என்று தெரிந்துகொண்டு, இரண்டு பேரிடமும் பெயரைக் கேட்டுப் பேசிவைக்கட்டும்: "பந்து கிடைத்ததும் என்னைப் பார், நான் பக்கத்தில் இருப்பேன்." ஆட்டத்தில் அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடட்டும், பின்னால் ஆள் வந்தால் சொல்லட்டும். பேசுகிற மிட்ஃபீல்டரைத் தேர்வாளர்கள் உடனே கவனிப்பார்கள். முதல் இரண்டு மூன்று பாஸ் எளிமையாக இருக்கட்டும். கார்னரும் ஃப்ரீ கிக்கும் எடுக்கத் தெரியும் என்றால் தயங்காமல் பந்தைக் கையில் எடுக்கட்டும். படிவத்தில் இடம் என்ற கட்டத்தில் 'சென்டர் மிட்ஃபீல்டர்' என்று எழுதட்டும். எந்த இடத்திலும் ஆடுவேன் என்று எழுதுகிற பையனை, ஆள் குறைகிற மூலையில்தான் கொண்டுபோய் நிறுத்துவார்கள்.